வலிப்பு மருந்தும் தாய்ப்பாலும்

வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொள்ளும் தாய் பாலூட்டலாமா? பெரும்பாலோருக்கு, ஊட்டலாம் என்பதே எங்கள் விடை.

கார்பமசிபின், பெனிட்டாயின், வால்புரோயேட் ஆகியவை பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம் சற்றுக் கூடுதலாகக் கலந்தாலும், குழந்தைக்குத் தீங்கு நேர்வது அரிது. கருவில் இருந்தபோது நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைந்த மருந்தைவிடப் பாலில் சேர்வது பொதுவாகக் குறைவு. லெவெடிராசெட்டம் தவிர்த்த மற்ற நான்கில் ஒன்றை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளை ஆராய்ந்து, 2014இல் வெளியான ஆய்வொன்று, தாய்ப்பால் அருந்தியோரின் அறிவுத்திறன் 6 வயதில் குறைந்திருக்கவில்லை எனக் காட்டியது.

பீனோபார்பிடோன், குளோபசாம் போன்றவை குழந்தைக்கு மந்தத்தைத் தரக்கூடும். குழந்தை மிகுதியாக உறங்கினாலோ, உறிஞ்சும் வலு குன்றினாலோ, எடை கூடாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பாலூட்டலைத் திடீரென நிறுத்தவும் வேண்டாம்.

குழந்தையை எண்ணித் தாய் தாமாகவே மருந்தை நிறுத்திவிடுவதையே நாங்கள் பெரிதும் அஞ்சுகிறோம். வலிப்பு மீண்டால் இருவருக்கும் ஆபத்து. கர்ப்பகாலத்தில் கூட்டப்பட்ட மருந்தளவை, பிரசவத்திற்குப் பின் மருத்துவரே மாற்றியமைப்பார்.

உறக்கக்குறைவு வலிப்பைத் தூண்டும். ஆகவே, பீய்ச்சி வைத்த பாலை இரவில் ஒரு வேளை குடும்பத்தினர் புகட்டி, தாயை உறங்கவிடுங்கள். தரையில் பாய் விரித்து, சுவரில் சாய்ந்தமர்ந்து பாலூட்டுவது பாதுகாப்பானது.