சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கான பி.சி.ஜி. சிகிச்சை

பி.சி.ஜி. சிகிச்சை என்பது காசநோய்த் தடுப்பு மருந்தில் உள்ள, வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள பாக்டீரியாவைச் சிறுநீர்ப்பையினுள் செலுத்தி, நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டிப் புற்றுநோயை எதிர்க்கும் முறை ஆகும். தொற்றுநோய் ஒன்றுக்காக ஆய்வகத்தில் உருவான மருந்து, புற்றுநோய் மருத்துவத்துக்குப் பயன்பட்டதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

வரலாறு

பிரான்சின் லீல் நகரில் ஆல்பர்ட் கால்மெட், கமீல் கெரென் ஆகியோர் மாட்டுக் காசநோய்ப் பாக்டீரியாவை 1908 முதல் 13 ஆண்டுகளில் 230 முறை மீண்டும் மீண்டும் வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்தனர். 1921 இல் இது முதன்முறையாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. பி.சி.ஜி. செலுத்தப்பட்ட எலிகளில் புற்றுக்கட்டிகளை எதிர்க்கும் தன்மை கூடுவதை 1959 இல் லாயிட் ஓல்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர். கனடாவைச் சேர்ந்த அல்வாரோ மொராலெசும் அவருடன் பணியாற்றியோரும் 1976 இல் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளர்களிடம் இது பயனளித்ததை அறிவித்தனர். 1990 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் அளித்தது.

செயற்படும் விதம்

தசை அடுக்கை ஊடுருவாத புற்றுநோய்க்கே இச்சிகிச்சை பொருந்தும். கட்டியை அகற்றிய சில வாரங்களுக்குப் பின், மெல்லிய குழாய் வழியாக வாரம் ஒருமுறை வீதம் ஆறு வாரங்கள் மருந்து செலுத்தப்படும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இரண்டு மணிநேரம் அதனை உள்ளே தேக்கி வைத்திருக்க வேண்டும். பாக்டீரியா சிறுநீர்ப்பையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ள, அங்குள்ள உயிரணுக்கள் சைட்டோகைன்களைச் சுரக்கின்றன. இவற்றால் ஈர்க்கப்படும் வெள்ளையணுக்கள் புற்றணுக்களைத் தாக்குகின்றன. இதன் நுட்பங்கள் இன்னும் முழுமையாக விளங்கவில்லை.

பக்க விளைவுகள்

சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், காய்ச்சல் ஆகியன பொதுவானவை. அரிதாக இப்பாக்டீரியா உடலெங்கும் பரவக்கூடும். அப்போது காசநோய் மருந்துகள் தேவைப்படும். எனவே நோயெதிர்ப்பு ஆற்றல் மிகக் குன்றியவர்களுக்கு இச்சிகிச்சை தரப்படுவதில்லை.

மனிதரிடத்துச் சோதனையின் இன்றியமையாமை

விலங்குகளில் கிடைக்கும் முடிவு மனிதருக்கும் பொருந்தும் என முன்கூட்டியே கொள்ள இயலாது. இதே பி.சி.ஜி. தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968 இல் தொடங்கிய பெரும் ஆய்வில், இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதிக்கப்பட்டது. வளர்ந்தோரின் நுரையீரல் காசநோயிலிருந்து அது பாதுகாப்பு அளிக்கவில்லை என 1979 இல் வெளியான முதல் அறிக்கை காட்டியது. எனினும் மூளையுறைக் காசநோய் போன்ற கடும் வகைகளிலிருந்து குழந்தைகளைக் காப்பதால், இந்தியாவில் பிறந்த குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி இன்றும் போடப்படுகிறது.