அங்கொடையிலிருந்து குசினிக்கு

யாழ்ப்பாணத்தில் ஒரு பெட்டை சோற்றை ஒதுக்கத் தொடங்கினால் முன்பெல்லாம் முதலில் நாவூறு கழிப்பார்கள். அடுத்தது பார்வை பார்க்கிறவர், நூல், நேர்த்தி. பிறகு பூச்சி மருந்து. எதற்கும் அசையாவிட்டால் டொக்டரிடம் வைட்டமின் சிரப். மனத்தில் ஏதும் வருத்தமோ என்று வாய்விட்டுக் கேட்க ஒருவரும் துணிவதில்லை. கேட்டால் அடுத்த சொல் அங்கொடை. கொழும்புக்கு அருகே 1926இல் திறந்த மனநோய் வைத்தியசாலை அது. கலியாணப் பேச்சில் அந்தப் பெயர் அடிபட்டால் சம்பந்தம் முறிந்தது என்று வையுங்கள்.

பொருளாதாரத் தடை இருந்த 90களில் மெலிவு எவர் கண்ணிலும் தட்டவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்து, கிடைத்ததைத் தின்று, குடாநாடே மெலிந்திருந்தது. சோறில்லாமல் மெலிந்த பிள்ளைகளுக்கு நடுவே, சோறு இருந்தும் பெருத்துவிடுவேனோ என்று பயந்து ஒதுக்கிய ஒருத்தியை யார் கண்டுபிடிப்பது? யுத்தம் விட்ட மனவடுக்களைப் பார்க்கவே தயா சோமசுந்தரம் போன்ற மனநல வைத்தியர்களுக்கு நேரம் போதவில்லை.

இப்போது மறைப்பு வேறு. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் மாமி முதல் கேட்பதே ‘என்னடி, பெருத்துப் போனாய்?’ மெலிந்தால் வகுப்பே மெச்சுகிறது. விரதமும் வசதி. கந்தசட்டிக்கு உபவாசம் இருக்கிற பிள்ளையை எந்த வீடு குறை சொல்லும்? சூரன்போர் முடிந்து பாரணையும் ஆன பிறகு சோற்றைத் தொடாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். மாதவிடாய் நின்றுபோனால் இன்னும் கூடுதலாக யோசிக்க வேண்டும். சாமத்தியப்பட்டபோது உழுந்துக்களியும் நல்லெண்ணெயும் தீத்திய அம்மா அதைப் பரீட்சைப் பயம் என்று தள்ளிவிடக் கூடாது.

யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் இன்று உளநலக் கிளினிக் உண்டு. மனச்சோர்வுக்கு வந்தவர்களோடு அதே வாங்கில் காத்திருக்க வேண்டியதுதான். அங்கொடைப் பெயரும் தேசிய மனநல நிறுவனம் என்று மாறி, அதன் தொலைபேசி உதவி எண்ணாக 1926 இருக்கிறது. கிளினிக்கில் நிறை, நாடி, படுத்தும் நின்றும் எடுக்கிற பிரஷர், இரத்தத்தில் பொட்டாசியம் எல்லாம் பார்க்க வேண்டும். அடிக்கடி சத்தி எடுக்கிற பிள்ளைக்குப் பொட்டாசியம் இறங்கினால் இதயம் தடுமாறும். பகலிலேயே நாடி 50க்குக் கீழே போனால் வாட்டில் மறிக்க வேண்டிய நிலை. உடம்பு அந்தளவுக்குத் தளராதவர்கள் வீட்டில் இருந்தபடியே சுகப்படலாம்.

‘வீட்டில் இருந்தபடியே’ என்பது மேல்நாட்டுக்கே புதிது. 1874இல் சோற்றை ஒதுக்கி மெலியும் இந்த அனொரெக்சியா நோய் பற்றி எழுதிய லண்டன் வைத்தியர் வில்லியம் கல், சொந்தபந்தங்கள்தான் இவர்களைப் பராமரிக்க ஆகவும் மோசமானவர்கள் என்றார். பிள்ளையை வீட்டிலிருந்து பிரிப்பதே வெகுகாலம் வைத்தியமாக இருந்தது. 1980களில் லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலைக்காரர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். தாய் தகப்பன் பக்கத்தில் இருந்து சாப்பிட வைக்கட்டும், நிறை ஏற ஏறப் பொறுப்பைப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்கட்டும் என்றார்கள். நோய் தொடங்கிக் கனகாலம் ஆகாத பதின்வயதினருக்கு நல்ல பலன் தெரிந்தது.

எங்கள் குசினிக்கு அளவெடுத்துத் தைத்த முறை என்று நினைப்பீர்கள். பாதிதான் சரி. எங்கள் அம்மாமாருக்குத் தீத்தத் தெரியும், வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. புட்டு எவ்வளவு, சொதி எவ்வளவு என்று அம்மாதான் போட வேண்டும், பேரம் இல்லை. ஆனால் ஏச்சும் கூடாது, ‘எவ்வளவு கஷ்டப்பட்டுச் சமைச்சனான்’ என்ற புலம்பலும் கூடாது. சாப்பிட்டு முடிந்ததும் கக்கூசுக்குப் போய்ச் சத்தி எடுக்காதபடி கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்து, நாடகமோ படமோ பார்க்கலாம். ‘இப்பதான் முகத்தில சதை வைச்சிருக்கு’ என்று அம்மம்மா ஆசையாகச் சொன்னால் போதும், இரவுச் சாப்பாடு போச்சு.

தகப்பன் கட்டாரில் என்றால் தாய் தனியே இழுக்க வேண்டும். மோட்ஸ்லி முறைக்கு ஆறு மாதம் தொடக்கம் ஒரு வருஷம் பிடிக்கும். ஆனால் நிறை இரண்டு கிலோ ஏறியதும் ‘சுகம் வந்திட்டுது’ என்று கிளினிக் கொப்பியை அலுமாரியில் வைத்துவிட்டு, பிள்ளையை ஏ.எல். ரியூசனுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.