பதிந்த குரல் யாருடையது?

2019 நவம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகம், தன் உடற்கூற்றுச் சேகரிப்பில் நெடுங்காலம் வைத்திருந்த ஒன்பது மண்டையோடுகளை இலங்கையின் பூர்வகுடிகளான வேடர்களிடம் திருப்பிக் கொடுத்தது. வேடர் தலைவர் ஊருவரிகே வன்னிலா எத்தோ ஸ்கொட்லாந்துக்கே போய்ப் பெற்றுக்கொண்டார். அவற்றைக் கப்பல் ஏற்றிய காலத்தில், செத்தவர்களின் பிள்ளைகளிடம் யாரேனும் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

எலும்போடு முடிந்த கதை இல்லை இது. 1907, 1908இல் மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் வேடர்களின் பாட்டுகளை மெழுகு உருளைகளில் பதிந்தார்கள். அவர்களுடைய புத்தகம் 1911இல் வெளிவந்தது. உருளைகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பாடியவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே, அந்தக் குரல் லண்டனில்.

வன்னியில் எங்கள் முரசுமோட்டை, பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் வயல்களை ஒட்டிய ஊர். 2009 தை மாதம், போருக்குத் தப்பி இந்த வீதியால்தான் சனம் கிழக்கே நகர்ந்தது. படங்களும் காணி உறுதிகளும் வழியில் போயின. மீளக் குடியேறிய பிறகு ரெக்கோடரோடு பலர் வந்தார்கள். சிலர் அருவிவெட்டுப் பாட்டுக் கேட்டார்கள், சிலர் இழப்பைக் கேட்டார்கள். திரும்பி வராத மகனை நினைத்துப் பெரியம்மா ஒப்பாரி சொன்னா. வந்தவர்களும் அழுதார்கள். ஆனால் ஒரு பிரதிகூட வந்து சேரவில்லை.

"என்ர பிள்ளையின்ர பேரை எங்க கொண்டுபோய் வச்சிருக்கினமோ, தம்பி?" என்று இப்பவும் கேட்பா. என்னிடம் பதில் இல்லை.

பிரதி எடுப்பதையே நான் எதிர்க்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை அறிந்த எவரும் எதிர்க்க மாட்டார். 2005 முதல் நூலகம் நிறுவனம் எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் காப்பது பெரிய தொண்டு. பிரதி எங்கே இருந்தாலும், அதன்மேல் சொல் யாருடையது என்பதே என் கேள்வி.

அமெரிக்காவில் பசமக்வொடி பூர்வகுடி மக்களின் பாட்டுகளை 1890இல் ஜெஸ்ஸி வோல்டர் ஃபியூக்ஸ் பதிந்தார். உருளைகள் காங்கிரஸ் நூலகத்தில் இருந்தாலும், எதை எல்லோரும் கேட்கலாம், எது தங்களுக்குள் மட்டும் என்று அந்த மக்களே முடிவு செய்கிறார்கள். அவர்கள் மொழியிலேயே எழுதிய குறிப்பும் பதிவோடு சேர்ந்திருக்கிறது. அவுஸ்திரேலியாவின் வருமுங்கு பூர்வகுடி மக்களோடு உருவான முக்குர்ட்டு மென்பொருளில், ஒரு படத்தை யார் பார்க்கலாம் என்று குடும்பமும் சடங்கு முறையும் பார்த்துப் பூட்டுப் போடலாம். எங்களுக்கும் இது தெரியாத வழக்கமா? மட்டக்களப்பில் கண்ணகி வழக்குரையை வைகாசிச் சடங்கில் கோயிலில் வைத்துப் படிப்பார்கள். நேரத்தையும் இடத்தையும் ஊர் தீர்மானிக்கிறது.

பூர்வகுடிகளின் பண்பாட்டுச் செல்வம் அவர்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று 2007இல் ஐ.நா. பிரகடனம் சொன்னது, இலங்கை ஆதரித்து வாக்களித்தது. கிழக்குக் கரையின் வேடர்கள் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களிடம் கருவியோடு போகும் தமிழருக்கும் இதே விதிதான். எங்கள் காயத்தைச் சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது.

உங்கள் அம்மம்மாவின் பாட்டைப் பதிய யாராவது வந்தால், அது எங்கே இருக்கும், யார் கேட்பார்கள், வேண்டாம் என்றால் எடுத்துவிடுவீர்களா என்று முதலில் கேளுங்கள். வன்னியில் பதிந்த பாட்டோ படமோ வைத்திருப்பவர்கள், பாடியவர் உயிரோடு இருக்கும்போதே ஒரு பிரதியைக் கொண்டுவந்து கொடுங்கள்.