உங்களுக்குத் தெரியுமா? சிதறிய தண்டனைச் சட்டங்கள் ஒன்றான கதை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு குற்றவாளிக்கு என்ன தண்டனை விதிப்பது என்று பார்க்க, பல சட்டங்களில் சிதறிக் கிடந்த 1,300 பக்கங்களுக்கும் மேலான விதிகளைப் புரட்ட வேண்டியிருந்தது. 2012-இல் மேல்முறையீட்டுக்கு வந்த 262 வழக்குகளை ஆராய்ந்தபோது, 36 சதவீதத்தில் சட்டத்துக்குப் புறம்பான தண்டனை விதிக்கப்பட்டிருந்தது!

சட்ட ஆணையம் பல ஆண்டுகள் உழைத்து அந்த விதிகளைத் தொகுத்தது. ‘தண்டனை விதிப்புச் சட்டம், 2020’ அந்த ஆண்டு டிசம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் குற்றவாளி எனத் தீர்ப்பாகிறவர்களுக்கு, குற்றம் எப்போது நடந்திருந்தாலும், இந்தச் சட்டமே பொருந்தும். ஆனால், குற்றம் நடந்த காலத்தில் இருந்த அதிகபட்சத் தண்டனையைத் தாண்டக் கூடாது.

தனக்கு ஏன் இந்தத் தண்டனை என்று அறிவது ஒவ்வொருவரின் உரிமை. சட்டம் தெளிவாக இருந்தால்தான் அது கைகூடும்.