பல்லில்லாத வாய்க்கு பாம்பே டோஸ்ட்

நம் வீடுகளில் பாம்பே டோஸ்ட் என்று சொல்கிற பண்டத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் பிரெஞ்சு டோஸ்ட். பிரெஞ்சுக்காரர்களோ அதற்கு உரிமை கொண்டாடுவதில்லை. 'பான் பெர்தூ' என்கிறார்கள். பாழாய்ப்போன ரொட்டி என்று பொருள் கொள்ளலாம். ஜெர்மனியில் அதுவே 'ஏழை வீரர்கள்'. ஊருக்கு ஒரு பெயர் இருந்தாலும் சங்கதி ஒன்றுதான்: காய்ந்துபோன ரொட்டியைத் தூக்கி எறிய மனம் வராதவர்கள் அதை எதிலாவது தோய்த்து வாட்டித் தின்றார்கள். அபிசியஸ் என்ற பெயரால் வழங்கும் ரோமானியச் சமையல் தொகுப்பிலேயே இதன் மூதாதை இருக்கிறது. வெள்ளை ரொட்டியைப் பெரிய துண்டுகளாகப் பிய்த்து, பாலில் ஊறவைத்து, பொரித்து, மேலே தேன் ஊற்றச் சொல்கிறது அந்தக் குறிப்பு. முட்டை பற்றிப் பேச்சில்லை.

காய்ந்ததை மெத்தென்று ஆக்கும் பலகாரம் என்றால், பல் முளைக்காத வாய்க்கும் பொருந்தும் என்று தோன்றுவது இயல்பு. பொருந்தவும் செய்யும். ஆறு மாதம் நிறைந்து, தலை நின்று, சாய்மானத்தோடு உட்காரத் தெரிந்து, வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளும் பழக்கம் போன குழந்தைக்கு இதைக் கொடுக்கலாம். ஆனால் நம் தட்டிலிருந்து ஒரு விள்ளல் கிள்ளிக் கொடுத்தால் போதும் என்பது சரிப்படாது. பெரிய ஓட்டல்களில் 'பிரமாதம்' என்று பெயர் வாங்கும் டோஸ்ட் எப்படி இருக்கும்? ஒரு அங்குலத் தடிமன், வெளியே பொன்னிற மொறுமொறுப்பு, நடுவில் பாதி இறுகிய பால்கோவா மாதிரி ஒரு குழைவு. அந்த நடுப்பகுதிக்காகத்தான் நாம் காசு கொடுக்கிறோம். குழந்தைக்கு வம்பு வருவதும் அதே நடுப்பகுதியில்தான்.

ரொட்டியிலிருந்து தொடங்குவோம். புத்தம்புது வெள்ளை பிரெட்டில் கொஞ்சம் கிள்ளி, தண்ணீர் தொட்டு, விரல்களுக்கு இடையில் உருட்டிப் பாருங்கள். காற்றறைகள் எல்லாம் அமுங்கி, கோந்து உருண்டை மாதிரி ஆகிவிடும். கோதுமையின் குளூட்டன் செய்யும் வேலை இது. எச்சில் ஊறும் வாயில், மெல்லத் தெரியாத குழந்தையிடம், இதே உருண்டை மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மெத்தென்று இருப்பதால் பிரெட் பத்திரமானது என்ற நினைப்பு இங்கே தவறிப்போகிறது.

முட்டையில் தோய்த்து வேகவைத்ததும் கதை மாறுகிறது. பிரெட்டின் துளைகளில் புகுந்த முட்டையும் பாலும் அங்கேயே இறுகிவிடுவதால், இனி அமுங்குவதற்கு அதில் காற்றறை இல்லை. ஈறுகளால் அழுத்தினால் உருண்டையாகத் திரளாமல் உதிர்கிறது. தோசைக்கல்லில் நடக்கும் முக்கியமான காரியம் இதுதான். ருசி இரண்டாம் பட்சம்.

இந்த வேலைக்கு முந்தைய நாள் பிரெட்தான் நல்லது. வெறுமனே ஈரம் வற்றுவதால் ரொட்டி விறைக்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1852இல் ழான் பப்டிஸ்ட் பூசங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர், ஈரம் துளியும் வெளியேறாதபடி மூடி வைத்தாலும் ரொட்டி விறைப்பதைக் காட்டினார். சுடும்போது நீரை உறிஞ்சிக் குழைந்த மாவுச்சத்து, ஆறிய பிறகு மெல்ல மெல்ல மறுபடி வரிசை கட்டி நின்றுகொள்வதுதான் காரணம். அப்படி விறைத்த சுவர்கள் கலவையில் நனைந்தாலும் சட்டென்று இடிந்து விழுவதில்லை. புது பிரெட்தான் இருக்கிறது என்றால், கல்லில் லேசாக வாட்டிவிட்டுத் தோய்க்கலாம்.

அடுத்தது முட்டை. அதன் புரதங்கள் நூல்கண்டு போலச் சுருண்டு கிடப்பவை. சூடு ஏறினால் அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னி வலையாகி, நீரைத் தமக்குள் பிடித்துக்கொள்ளும். வெறும் முட்டையை அடித்துச் சூடாக்கினால் ஏறத்தாழ 73 டிகிரி செல்சியஸில் இறுகும். பால் சேர்க்கச் சேர்க்கப் புரதங்கள் ஒன்றுக்கொன்று விலகிப் போவதால் இறுகும் வெப்பநிலை மேலே போகும். ஒரு கோப்பைப் பாலுக்கு ஒரு முட்டை என்றால் 80 டிகிரியை நெருங்கிவிடும். இந்தக் கணக்கில் நமக்கு ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. முட்டையில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா கிருமி சாவதற்கு 71 டிகிரி போதும் என்பது அமெரிக்க அரசு தரும் அளவு. ஆக, பால் கலந்த முட்டை நடுவில் முழுதாக இறுகிவிட்டது என்றால், அது கிருமி சாகும் எல்லையைத் தாண்டி வந்துவிட்டது. வெப்பமானி எதுவும் வேண்டாம். டோஸ்ட்டை நடுவில் பிய்த்துப் பாருங்கள். ஈரமாக மஞ்சள் கசிந்தால் கல்லுக்கே திரும்பட்டும்.

நடு இறுகுவதற்கு இரண்டு உபாயங்கள் உண்டு. ஒன்று, மெல்லிய துண்டு. பஞ்சு போன்ற பொருளுக்குள் சூடு மெதுவாகத்தான் நுழையும்; தடிமன் இரண்டு மடங்கானால், நடுவைச் சூடு எட்ட ஆகும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். அங்குல பிரெட்டை விட்டுவிட்டுக் கடையில் கிடைக்கும் சாதாரண சாண்ட்விச் பிரெட்டை எடுப்பது இதனால்தான். இரண்டாவது, தீயைக் குறைப்பது. மேற்பரப்பு பொன்னிறமாவதற்குக் கிட்டத்தட்ட 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். உள்ளே நீர் இருக்கும்வரை நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டப்போவதில்லை. தீ அதிகமானால் வெளியே கறுத்துவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும். சிம்மில் வைத்து மூடி போட்டால், ஆவியும் மேலிருந்து கைகொடுக்கும்.

அளவு சொல்கிறேன். இரண்டு துண்டு பிரெட்டுக்கு ஒரு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி பால். தாய்ப்பாலோ, ஏற்கனவே கொடுத்து வரும் பால் பவுடரில் கரைத்ததோ, பசும்பாலோ எதுவானாலும் சரி. ஒரு வயதுக்குள் பசும்பாலை முக்கியமான குடிபாலாகக் கொடுக்கக் கூடாது, அதில் இரும்புச்சத்து போதாது. சமையலில் சேர்க்கத் தடையில்லை. முட்கரண்டியால் வெள்ளைக்கரு இழை தெரியாமல் அடியுங்கள். இழை நின்றால் அது தனியே வெந்து ரப்பராகிவிடும். ஓரங்களை வெட்டிவிட்டு, பக்கத்துக்குப் பதினைந்து, இருபது விநாடி தோய்த்தால் போதும். கல்லில் அரைக் கரண்டி நெய். மூடி போட்டு ஒரு பக்கம் மூன்று நிமிடம், திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு, மூன்று நிமிடம். உப்பு வேண்டாம்; பிரெட்டிலேயே இருக்கிறது. ஒரு வயதுக்குள் ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு கிராம் உப்புகூடச் சேரக் கூடாது என்கிறார்கள்.

சர்க்கரையும் வேண்டாம், இரண்டு வயது வரைக்கும். அதற்குப் பதில் பாதி வாழைப்பழத்தை மசித்து முட்டையோடு அடித்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: பழத்தின் சர்க்கரை சீக்கிரம் நிறம் பிடிக்கும், தீயை இன்னும் தணிக்க வேண்டும். வாசனைக்குப் பட்டைத்தூள் போடுபவர்கள் இலங்கையிலிருந்து வரும் மெல்லிய சுருள் கறுவாவாகப் பார்த்து வாங்கட்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கெட்டிப் பட்டையான காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். மிகுந்தால் ஈரலுக்கு ஆகாது. 2006இல் ஜெர்மானிய அரசு நிறுவனமொன்று கிறிஸ்துமஸ் பட்டை பிஸ்கட்டுகளைக் குழந்தைகள் நிறையத் தின்ன வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். ஈழத் தமிழர் சமையலறைகளில் இந்தச் சிக்கலே கிடையாது.

ரோமானியர் கடைசியில் ஊற்றச் சொன்ன தேனுக்கு வருகிறேன். ஒரு வயதுக்குள் அது கூடவே கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். நமக்கு அவை ஒன்றும் செய்யாமல் போய்விடும். நம் குடலில் ஏற்கனவே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றை முளைக்க விடுவதில்லை. பச்சிளங்குழந்தையின் குடலில் அந்தக் குடித்தனம் இன்னும் அமையவில்லை. வித்து முளைத்து நஞ்சு கக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு அழுகை மெலிந்து, பால் உறிஞ்சும் வலு குறைந்து, கழுத்து தொய்ந்துபோகும். இந்த நோயை 1976இல் கலிபோர்னியாவில்தான் முதலில் அடையாளம் கண்டார்கள். டோஸ்ட்டோடு சேர்த்துச் சூடாக்கினால் சரியாகிவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. அடுப்புச் சூட்டுக்கு அந்த வித்து சாகாது. பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை தொட்டு வைக்கும் நம் வழக்கத்தில் தேன் சேர்க்கிற பாட்டிகளிடம் இதைச் சொல்வதற்குத் தனியாகக் கொஞ்சம் தைரியம் வேண்டும். சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒவ்வாமை விஷயத்தில் பாட்டிகளைவிட மருத்துவர்களே அதிகம் தடம் மாறியிருக்கிறார்கள். 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், ஒவ்வாமை வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு இரண்டு வயது வரை முட்டை வேண்டாம் என்றது. 2008இல் அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, தள்ளிப்போடுவதால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்று. பிறகு ஜப்பானில் ஒரு சோதனை நடந்தது. தோல் கரப்பான் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, கரப்பானை மருந்தால் அடக்கியபடியே, ஆறு மாதத்திலிருந்து வேகவைத்த முட்டைப் பொடியைத் துளித்துளியாகக் கொடுத்தார்கள். ஒரு வயதில் பார்த்தபோது முட்டை ஒவ்வாமை அவர்களில் 8 சதவீதம் பேருக்கு. கொடுக்காதவர்களில் 38 சதவீதம் பேருக்கு. இங்கே 'வேகவைத்த' என்ற சொல்லை அடிக்கோடிட வேண்டும். வேகாத முட்டைப் பொடியைக் கொடுத்துப் பார்த்த வேறு சோதனைகளில் குழந்தைகளுக்குக் கடுமையான எதிர்வினைகள் வந்தன.

மறுபடியும் நடுப்பகுதிக்கே வந்து நிற்கிறோம். ஏற்கனவே முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு மருத்துவர்கள் ஒரு ஏணி வைத்திருக்கிறார்கள். கீழ்ப்படியில் அடுப்பில் அரை மணி நேரம் வெந்த மஃபின். பிரெஞ்சு டோஸ்ட் அதற்கு மேலே, ஏனென்றால் அதில் முட்டை அவ்வளவு நேரம் வேகவில்லை. கேக்கைத் தின்று ஒன்றும் ஆகாத பிள்ளைக்கு டோஸ்ட்டால் தடிப்பு வரலாம். இன்னொன்று: இதில் கோதுமை, முட்டை, பால் என மூன்று பிரபல ஒவ்வாமைக்காரர்கள் ஒரே கல்லில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றையும் முதன்முதலாகச் சேர்த்துக் கொடுத்து உதடு வீங்கினால் யாரைச் சந்தேகிப்பது? ஒவ்வொன்றாகத் தனித்தனி நாளில், பகல் வேளையில், கொஞ்சமாகப் பழக்கிவிட்டு டோஸ்ட்டுக்கு வருவது புத்திசாலித்தனம். கடும் கரப்பான் இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

வெட்டும் விதத்துக்கும் காரணம் உண்டு. ஆறு மாதக் குழந்தைக்கு உள்ளங்கையால் மொத்தமாகப் பற்றத்தான் தெரியும். முஷ்டிக்குள் போனதை வெளியே எடுக்கத் தெரியாது. நம் சுண்டுவிரல் நீளமாவது துண்டு இருந்தால், முஷ்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதைச் சப்பலாம். ஒன்பது மாத வாக்கில் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளி எடுக்கப் பழகும். அப்போது சின்னத் துண்டுகள். கொடுப்பதற்கு முன் உங்கள் இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்குங்கள். எளிதில் நசுங்காதது ஈறுக்கும் நசுங்காது.

சாப்பிடும்போது குழந்தை ஓங்கரித்தால் பதறிப்போய் வாயில் விரல் விடாதீர்கள். பெரியவர்களுக்கு ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் நாக்கின் பின்புறம். குழந்தைக்கு அது இன்னும் முன்னால் இருக்கிறது. முகம் சிவந்து, இருமி, சத்தத்தோடு வெளியே தள்ளினால் காவல்காரன் வேலை செய்கிறான் என்று அர்த்தம். அடைப்பு வேறு மாதிரி. சத்தமே வராது. அதனால்தான் ஊட்டுகிறவர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும், கைபேசி வேறு அறையில் இருக்க வேண்டும். தவழ்ந்துகொண்டும் நடந்துகொண்டும் தின்னவிடக் கூடாது.

நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு ஓரங்களோடே கொடுக்கலாம். மேலே வேர்க்கடலை வெண்ணெய் என்றால் மெல்லப் பூச வேண்டும், கட்டியாக வைத்தால் அதுவும் ஒட்டிக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நான்காக. முட்டை சேர்க்காத வீட்டில் கடலை மாவைத் தோசை மாவு பதத்தில் கரைத்துத் தோய்க்கலாம். அங்கே துளைகளை அடைப்பது முட்டை வலைக்குப் பதில் குழைந்த மாவுச்சத்து. கொஞ்சம் வறண்டுதான் வரும், கூடவே மசித்த பழம் இருக்கட்டும்.

ஓரங்களை வெட்டிவிட்டோமே, அதை என்ன செய்வது? கிண்ணத்தில் மிஞ்சிய முட்டைக் கலவையில் புரட்டி, அதே கல்லில் முறுக விட்டு, ரோமானியர் சொன்னபடி மேலே தேன் ஊற்றி நீங்கள் சாப்பிடுங்கள். உங்களுக்குத்தான் ஒரு வயது முடிந்துவிட்டதே.