அகப்பக்கம் செய்தாகிவிட்டது, ஆண்டு வாடகை எதற்கு?

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் துணிக்கடை திறக்கும் ஒருவர், அலமாரி அடித்த தச்சருக்கு ஒருமுறைதான் பணம் கொடுக்கிறார். கடை வாடகையை மாதாமாதம் கட்டுகிறார். இதில் யாருக்கும் குழப்பமில்லை. அதே வணிகர், அகப்பக்கம் செய்து ஓராண்டு ஆனதும் ‘ஹோஸ்டிங்’ பில் வந்தால், “அதான் அன்றைக்கே மொத்தமாகக் கொடுத்துவிட்டேனே!” என்பார்.

அன்று கொடுத்தது அலமாரிக்கு. இப்போது கேட்பது இடத்துக்கு.

அகப்பக்கம் என்பது படம், விலைப்பட்டியல், எழுத்து எல்லாம் அடங்கிய கோப்புகள்தான். நள்ளிரவில் சிரம்பானில் இருந்து ஒருவர் கைப்பேசியில் கடையின் முகவரியைத் தட்டினால், எங்கோ ஒரு கணினி விழித்திருந்து அவற்றை அனுப்ப வேண்டும். வீட்டுக் கணினியில் வைத்துக்கொள்ளக் கூடாதா? வைக்கலாம். ஆனால் மின்சாரம் போனாலும், பிள்ளை விளையாடி முடித்து கணினியை அடைத்தாலும் கடையும் சேர்ந்து மூடிக்கொள்ளும். சைபர்ஜெயாவில் இருப்பவை போன்ற தரவு மையங்களில் மாற்று மின்சாரம், குளிரூட்டி, காவல் எல்லாம் உண்டு. அங்கே இரவு பகலாக ஓடும் கணினியில் ஒரு பங்கை வாடகைக்கு எடுப்பதே ஹோஸ்டிங்.

முகநூலும் புலனமும் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. வீட்டில் முறுக்கு சுட்டு விற்பவருக்குப் போதும்தான். ஆனால் அது பாசார் மாலாம் கடை போன்றது. கணக்கு முடங்கினால் வாடிக்கையாளரைத் தேடிப் பிடிப்பது சிரமம்.

இடத்துக்கு ஒரு வாடகை என்றால், பெயர்ப்பலகைக்கு இன்னொன்று. ‘.மை’ என்று முடியும் பெயர்களை மைநிக் நிர்வகிக்கிறது. ‘.காம்.மை’ வேண்டுமென்றால் நிறுவனப் பதிவு இருக்க வேண்டும். இரண்டு கட்டணங்களுக்கும் தவணை நாள் வேறாக இருக்கலாம். எதை மறந்தாலும் பக்கம் திறக்காது. கடைப் பெயரிலுள்ள மின்னஞ்சலும் பெரும்பாலும் அதே ஹோஸ்டிங்கில்தான் இருக்கும், அதுவும் நின்றுபோகும். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆர்டர் வராமல் போனால் நட்டம் அந்த பில்லைவிடப் பல மடங்கு.

உண்மையான ஆபத்து வேறு. பல கடைகளின் அகப்பக்கத்தைத் ‘தெரிந்த பையன்’ செய்து தருகிறார். பெயரையும் இடத்தையும் தன் மின்னஞ்சலிலேயே பதிந்துவிடுகிறார். தவறான எண்ணம் எதுவுமில்லை, அவசரம்தான். பிறகு அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார், எண்ணை மாற்றுகிறார். தவணை நினைவூட்டல் அவருக்குப் போகிறது, கடைக்காரருக்குத் தெரிவதில்லை. காலாவதியான ‘.காம்’ பெயரை, வழக்கமாக 30 நாள் கொண்ட மீட்புக் காலத்தில் கூடுதல் கட்டணம் கட்டித்தான் திரும்பப் பெற முடியும். அதுவும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் அதை வாங்கிக்கொள்ளலாம்.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே, பெயர் யார் மின்னஞ்சலில் பதிவாகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டு கணக்குகளின் கடவுச்சொல்லும் கோப்புகளின் நகல் ஒன்றும் கடைக்காரர் கையில் இருக்கட்டும். தவணை நாள் இரண்டையும், கடை வாடகையை எழுதும் அதே நாட்காட்டியில் குறித்துவிடலாம்.