சார்ஜிங் நிலையம் யாருடைய கைக்கு எட்டும்?

பாகூரிலிருந்து புதுச்சேரி நகரம் சுமார் 20 கிலோமீட்டர். போய்த் திரும்ப 40. சென்னை ஐஐடியில் உருவான நியோமோஷன் நிறுவனம் ‘நியோபோல்ட்’ என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. சக்கர நாற்காலியின் முன்புறம் பொருத்தினால், அந்த நாற்காலியையே சாலையில் செல்லும் மின்வண்டியாக அது மாற்றுகிறது. ஒருமுறை சார்ஜ் செய்தால் 25 கிலோமீட்டர் வரை ஓடும் என அறிவிக்கப்பட்டது. அப்படியெனில், பாகூரைச் சேர்ந்த ஒருவர் அதில் ஜிப்மருக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோ சென்றுவிடலாம். ஆனால் இடையில் சார்ஜ் செய்யாமல் வீடு திரும்ப முடியாது. வில்லியனூர்க்காரருக்குப் போய்வர சுமார் 20 கிலோமீட்டர்தான். பேட்டரி பழையதாகும்போது அவர் நிலையும் இதுவே.

ஆகவே, பொதுச் சார்ஜிங் வசதியை நாம் உரிமைப் பிரச்சினையாகவே பார்க்க வேண்டும். ஓர் உயரமான மேடையும், அதைச் சுற்றி நடப்பட்ட தடுப்புக் கம்பிகளும் போதும், சக்கர நாற்காலி இயந்திரத்தை நெருங்க முடியாமல் போவதற்கு. கனமான கம்பிவடத்தை ஒரு கையால் தூக்க இயலாது. திரை தலைக்கு மேல் இருந்தால் படிக்க முடியாது. ஆங்கிலச் செயலி வழியாக மட்டுமே பணம் செலுத்த முடியும் என்றால், பார்வைக் குறைபாடு உள்ளவரோடு ஆங்கிலம் அறியாத அனைவரும் வெளியே நிறுத்தப்படுகின்றனர்.

இவற்றுக்குத் தீர்வுகள் எழுதப்பட்டுள்ளன. 2022இல் பிரிட்டன் இதற்கெனத் தனித் தரநிலை வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்க அணுகல் வாரியம், 11 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்ட நிறுத்துமிடம், அதன் பக்கத்தில் 5 அடி நடைவெளி, அமர்ந்தபடி கை எட்டும் உயரத்தில் இயக்கும் பாகங்கள் எனப் பரிந்துரைத்தது. சிறு மின்வண்டிகளுக்கு இத்தனை ஏற்பாடும் தேவையில்லை. சமதளத்தில், கூரையின் கீழ், தாழ்வாகப் பொருத்திய ஒரு பிளக் பாயிண்ட் போதும்.

நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 41ஆவது பிரிவு, தனிநபர் நடமாட்டத்துக்கான சலுகைகளையும் வாகனங்களை மாற்றியமைப்பதையும் பேசுகிறது. மாற்றியமைத்த வண்டிக்கு மின்சாரம் கிடைக்காவிட்டால் அச்சலுகைக்குப் பொருளேது? ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரநிலைகளை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்த விதி 15(1) சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாத அவகாசம் அளித்தது.

இதில் சாதி எங்கே வருகிறது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மொத்த மக்களில் 2.21 விழுக்காட்டினரும், பட்டியல் சாதியினரில் 2.45 விழுக்காட்டினரும் மாற்றுத்திறனாளிகள். சொந்த வாகனக் கொட்டகை உள்ளவர் வீட்டிலேயே சார்ஜ் செய்துகொள்வார். காலனியின் ஓரறை வீட்டில் வாழ்பவருக்கோ பொது வசதியே ஒரே வசதி. அது ஊர்த்தெருவிலும் நெடுஞ்சாலையிலும் மட்டும் அமைந்தால், உடல் குறைபாட்டின் தடையோடு சேரியின் தூரமும் சேர்ந்துகொள்கிறது.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. சார்ஜிங் நிலையங்களுக்கான ஒப்பந்தப்புள்ளியிலேயே அணுகல் நிபந்தனைகள் இடம்பெற வேண்டும். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம், பேருந்து நிலையம் ஆகியவற்றோடு காலனிகளின் சமுதாயக் கூடங்களிலும் தாழ்வான பிளக் பாயிண்டுகள் வேண்டும். திறப்பு விழாவுக்கு முன் மாற்றுத்திறனாளிகளே அவற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் 2006 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் அடுத்த தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடப்பட்டதை நாம் அறிவோம். கேள்வி கேட்க உறுப்பினர் இல்லாத இடத்தில், தகவல் அறியும் உரிமைச் சட்டமும் மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் அளிக்கும் முறையீடும் நம் கைவசம் உள்ளன.

மகாட் குளம் அனைவருக்கும் உரியது என அந்நகராட்சி 1924இலேயே தீர்மானித்தது. ஆயினும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கரும் மக்களும் நடந்து சென்று நீரை அள்ளிய பிறகே அத்தீர்மானத்துக்கு உயிர் வந்தது. பொதுச்சொத்து என்று எழுதிவைப்பது ஒன்று. அது நம் கைக்கு எட்டுவது வேறொன்று. வில்லியனூரிலும் பாகூரிலும் நிலையங்கள் கட்டி முடிக்கப்படும் முன்பே அதைக் கேட்டுப் பெறுவோம்.